வாளியைத் திருப்பு

போனை எடுத்ததும் மதினி சொல்லும் முதல் வாக்கியம், "சரி கொழுந்தனாரே, வச்சிரவா?" என்பதுதான்.

பேச்சு அதற்குப் பிறகு ஆரம்பிக்கும். மழை, கண்மாய், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஒரு சுற்று வந்து, முடிக்கப் போகிற நேரத்தில், "நல்லாருக்கியளா?" என்று கேட்பார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார்.

அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே ஏதோ குளிர் ஊரில் அவனுக்குக் கொடுத்த குடியிருப்புக்கு அண்ணனும் மதினியும் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலமாகிறது. அண்ணனும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். சொந்த அண்ணன் இல்லை. எங்கள் இரண்டு வீட்டு வயலும் ஒரே வாய்க்காலில் இருந்ததால் வந்த உறவு. வத்திராயிருப்புக்கும் புதுப்பட்டிக்கும் இடையில், மலையைப் பார்த்த மாதிரி இருக்கிற ஊர் எங்களுடையது.

நான் எதையும் முதலில் இருந்து ஆரம்பிக்கிறவன். தேதி, கிழமை, மழை உண்டா இல்லையா என்று எழுதிய பிறகுதான் டைரியில் மற்ற எதையும் எழுதுவேன். அப்படிப்பட்டவனுக்கு மதினி மாதிரி ஒருவர் வாய்த்தது பெரிய சோதனை. செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்தில் இருந்து படிப்பார். தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கினாலும் கோடியில் இருந்து வீட்டைப் பார்த்து வருவார். கதையும் அப்படித்தான் சொல்வார். ஒருநாள் என் வாசலில் வந்து நின்று, "பல்லு ரெண்டு போனதோட போச்சு, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றார். நான் பதறி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "யாருக்கு மதினி? எந்த ஆஸ்பத்திரி?" என்று செருப்பைத் தேடினேன்.

"எங்க ஓடுதீய? நம்ம டவுன் பஸ் டிரைவர் இருக்காருல்ல, அவரு சின்னப் பிள்ளையில மாமரத்துல இருந்து விழுந்த கதை. இன்னைக்குத்தான் பஸ்ல வரும்போது சொன்னாரு."

ஆனால் அவர் பெயர் எடுத்தது பந்தியில்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். இலை போட்டாயிற்று. முதல் இலைகளில் வழக்கம்போல மாப்பிள்ளை வீட்டுப் பெரிய ஆட்கள். சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர் உள்ளே நுழைகிறார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மதினி குறுக்கே போய் நின்றார்.

"ஏலே, வாளியைத் திருப்பு!"

அவருக்குப் புரியவில்லை. மதினி அவர் இரண்டு தோளையும் பிடித்து, மாட்டு வண்டியைத் திருப்புவது மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசி இலைப் பக்கம் அனுப்பி வைத்தார். கை கழுவும் இடத்தை ஒட்டி, ஈரத்தில், மின்விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு வயசாளியின் இலையில் முதல் கரண்டி விழுந்தது. அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாருக்கோ ஊற்றுகிறார்கள் என்று நினைத்து.

எந்த ஊர்க் கல்யாணம் என்றாலும் இதேதான். ஒருமுறை ராஜபாளையத்தில் மண்டபம் மாறி உள்ளே போய்விட்டார். பெண்ணும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. முழுப் பந்தியையும் கடைசியில் இருந்து நடத்தி முடித்த பிறகுதான் மணமேடையை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அங்கே பாதிப் பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "சாயங்கால வரவேற்புக்கும் நீங்களே நின்னு நடத்திக் குடுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். இரண்டு தாம்பூலப் பைகளோடு மதினி எங்கள் மண்டபத்துக்கு ஓடி வந்தபோது அண்ணன் வாசலில் விறைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கட்டி போன?"

"வேலையா இருந்தேன்" என்றார் மதினி, ஒரு பையை அவர் கையில் கொடுத்து.

ஏன் கடைசி இலையில் இருந்து என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில். "முதல் இலைக்காரன் கத்துற கத்துல சமையல்காரனே எந்திரிச்சு வந்திருவான், அவனுக்கு நான் எதுக்கு?" என்பார். இன்னொரு தடவை, "கடைசியில உக்காந்தவனுக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சு." வேறொரு தடவை, "காய் அம்புட்டும் வாளியோட அடியிலல்ல கெடக்கு? அது முதல் இலைக்குப் போகட்டும்னுதான்." ஒன்றுக்கொன்று பொருந்தாத பதில்கள். பொருந்தவில்லை என்று எடுத்துச் சொன்னால் சிரிப்பார். அவர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவரைத் தோளில் அடிப்பார். அதனால் அவரைக் கேள்வி கேட்கும்போது நான் இரண்டடி தள்ளியே நிற்பது வழக்கம்.

எங்கள் கண்மாய் பெரியதில்லை. மலையில் இருந்து வரும் ஆறு அதை நிரப்பும். அதில் இருந்து கிளம்பும் ஒரே வாய்க்காலில் வரிசையாக மடைகள். மடை என்றால் வயலுக்குத் தண்ணீர் திரும்புகிற வாசல். முதல் மடை அண்ணன் வயலுக்கு. இரண்டாவது பரமசிவத்துக்கு. கடைசி மடை சுப்பையாவுக்கு. என் வயல் சரியாக நடுவில். மேலே இருந்து எண்ணினாலும் கீழே இருந்து எண்ணினாலும் நான் நடுவில்தான் வருவேன். அதனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னை நம்பினார்கள், அல்லது இரண்டு பக்கமும் என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மேல் வயல் வரப்புத் தளும்ப நிறைந்த பிறகு அடுத்தது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதில் பெரிய குறையும் இருந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க நசநசவென்று மழை இருக்கும். கண்மாய் வற்றுவதற்குள் ஆறு மறுபடி வரும். கடைசி மடைக்குத் தாமதமானாலும் வந்து சேர்ந்துவிடும்.

இப்போது வானம் மாறிவிட்டது. பெய்ய வேண்டிய மாதத்தில் வெயில். எதிர்பார்க்காத ஒரு பொழுதில் மலையில் மொத்தமாகக் கொட்டுகிறது. ஆறு பொங்கி வந்து, கண்மாய் நிறைந்து, மிச்சமெல்லாம் மறுகால் வழியாக வெளியேறி ஓடிப்போய்விடுகிறது. பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. மதினி இதை ஒரே பேச்சில் சொல்லி முடித்தார்:

"முந்தி வாளி மூணு தடவை வந்துச்சு. இப்ப ஒரே தடவைதான் வருது. அதுவும் ஓடிக்கிட்டே ஊத்திட்டுப் போறான்!"

நான் சொல்ல வந்த அந்தப் பருவத்திலும் அப்படித்தான் நடந்தது. நெல் பால் பிடிக்கும் நேரம். கண்மாயில் கிடந்தது ஒரு பாய்ச்சலுக்கான தண்ணீர், அதுவும் எல்லோரும் வழக்கம்போல வரப்புத் தளும்ப விட்டால் என் வயல் வரைக்கும்கூட வராது. சுப்பையாவுக்கு அதற்கு முந்திய இரண்டு போகமும் கருகிப் போயிருந்தன. இதுவும் போனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குக் காவல் வேலைக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார். தொப்பி அளவு கேட்டுவிட்டார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

நெல் அடிக்கும் களத்தில் கூட்டம் போட்டோம். நீர்வளத் துறையில் இருந்து ஒரு இளம் பெண் பொறியாளர் வந்திருந்தார். வெயிலில் முகம் சிவந்து, பொறுமையாக, ஆற்றின் மேல் பகுதி, கீழ்ப் பகுதி, இனி மழை எப்படியெல்லாம் வரக்கூடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எல்லாமே சரி. கேட்கத்தான் ஆளில்லை. ஒரு பக்கம் பரமசிவம் துண்டை உதறி, "மேல் மடை முன்னாடி பாயும். அதுதான் முறை. பூமி அப்படித்தான் சரிஞ்சு கெடக்கு, நானா சரிச்சேன்?" என்று கத்தினார். மறுபக்கம் கடைமடைக்காரர்கள், "அப்ப கண்மாய் மராமத்துக்கு மட்டும் எங்களை ஏன்யா முதல்ல கூப்பிடுதீய?" என்று எகிறினார்கள்.

மதினி எழுந்தார். "கடைசி மடையில இருந்து பாய்ச்சுவோம்."

களமே சிரித்தது. முதல் மடை மதினியுடையது. கடைசியில் இருந்து பாய்ந்தால் கடைசியில் காய்வது அவர் வயல்தான். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஏட்டி, இது பந்தி இல்ல" என்றார்.

"எல்லாம் பந்திதான்" என்றார் மதினி. "பரமசிவம் அண்ணே, ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழமை பேத்திக்குப் பேர் விடுதோம். மடை வரிசையிலதான் இலை. முதல் மடை முதல் இலை, கடைசி மடை கடைசி இலை. சோறு கறியெல்லாம் எம்புட்டு வேணும்னாலும் சாப்பிடுங்க. பாயசம் மட்டும் ஒரே வாளி. உங்க முறைப்படி முதல் இலையில இருந்தே வரட்டும். 'போதும்'னு சொல்ற வரைக்கும் ஊத்தணும். கடைசி இலைக்குப் பாயசம் போய்ச் சேந்துட்டா தண்ணியும் மேல இருந்தே பாயட்டும், நான் வாயைத் தொறக்க மாட்டேன். சேரலைன்னா கடைசி மடையில இருந்து பாயணும். நம்ம இஞ்சினியர் தாயிதான் நடுவர்."

மதினி வீட்டுப் பாயசம் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் போட்டுக் காய்ச்சுவது. அதற்குப் 'போதும்' சொன்ன ஆள் எங்கள் ஊரில் அதுவரை பிறக்கவில்லை. பரமசிவம் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார். "சரி" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீக்கடையில், பரமசிவம் என்னைத் தனியே கூப்பிட்டார். "மேல் மடைக்காரங்க எல்லாரும் பேசி வச்சிருக்கோம். ஒரு கரண்டி விழுந்ததும் 'போதும்'. வாளி ஜம்முனு கடைசி வரைக்கும் போயிரும். நீரும் அப்படியே சொல்லிரும்." அவரிடம் இருந்து தப்பித்துத் தெருவுக்கு வந்தால், கடைமடைக்காரர் இருவர் பிடித்துக்கொண்டார்கள். "மாமா, நாங்க பேசி வச்சிருக்கோம். வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டே இருக்கணும். சுப்பையா இலைக்கு முன்னாடி வாளி காலியாயிரணும். ரெண்டு நாளா பட்டினி கெடக்கோம்."

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நடுவில் இருப்பவனுக்கு அதுதான் வழி என்று நினைத்தேன்.

மதினி வீட்டு முற்றத்தில் பந்தி உட்கார்ந்தது. வாளி முதல் இலையில் இருந்து வருவதைக் கண்ணால் பார்க்க மதினிக்கு ஏலவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

முதல் இலை அண்ணன். அவருக்குப் பாயசம் என்றால் உயிர். பெண்டாட்டி ஜெயிக்க வேண்டும் என்றால் குடித்துத் தீர்க்க வேண்டும். வயலுக்கு முதலில் தண்ணீர் வேண்டும் என்றால் கையை மறிக்க வேண்டும். ஒரு கரண்டி விழுந்தது. அவர் தொண்டை ஏறி இறங்கியது. பரமசிவம் பக்கத்து இலையில் இருந்து முழங்கையால் இடித்தார். "போ…தும்" என்றார் அண்ணன், பல்லைப் பிடுங்கிய மாதிரி.

"போதும்!" என்றார் பரமசிவம், கரண்டி வாளிக்குள் போகும் முன்பே. அடுத்தவர் "அரைக் கரண்டி போதும்." அதற்கு அடுத்தவர் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "எனக்கு வாடையே போதும்" என்றார். மேல் மடை முழுக்க இலையில் பொட்டு வைத்த மாதிரிப் பாயசம்.

வாளி என்னிடம் வந்தது. நான் எந்தப் பக்கமும் சேராமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். 'போதும்' என்று சொல்லாததால் பரிமாறுகிறவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். நடுநிலைமையின் பலன் என்ன என்பதை அன்று வேட்டி நனைந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என்னைத் தாண்டியதும் வெள்ளம். கடைமடைக்காரர்கள் இலையைக் குழித்துப் பிடித்தார்கள். ஒருவர் வேட்டியைத் தளர்த்திக்கொண்டார். இன்னொருவர் கண்ணில் நீர் வழிய, மூச்சு விடாமல், "ஊத்து" என்று விரலால் மட்டும் சைகை காட்டினார். மேல் மடைக்காரர்கள் எழுந்து நின்று, "ஏலே, இது அநியாயம்! கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா? கீழ ஒருத்தர் உக்காந்திருக்காருல்ல!" என்று கத்தினார்கள். அந்த வாசகம் எங்கள் ஊரில் இத்தனை காலமும் எந்தப் பக்கத்தில் இருந்து வந்துகொண்டிருந்ததோ, அதற்கு எதிர்ப் பக்கத்தில் இருந்து அன்று வந்தது.

சத்தம் கேட்டு மதினி திரும்பினார். இந்தக் கோடியில் வறட்சி, அந்தக் கோடியில் வெள்ளம். "அட நாசமாப் போவீங்களா! கடைமடைக்கு வாளி வந்ததும் நீங்களும் இம்புட்டுதானா?" என்று தலையில் கை வைத்தார்.

வாளி சுப்பையாவின் இலைக்கு வந்தது. பரிமாறுகிறவன் அதைச் சாய்த்தான். சுரண்டினான். ஒரு கரண்டி விழுந்தது. எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றோம். பொறியாளர் குனிந்து பார்த்தார்.

"இது பாயசமா? வாளி கழுவுன தண்ணி!" என்றார் வேட்டியைத் தளர்த்தியவர்.

"அவரு சொல்லட்டும்" என்றார் பரமசிவம். "சுப்பையா, வந்துச்சா இல்லையா?"

சுப்பையா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். 'இல்லை' என்று சொன்னால் போதும், தண்ணீர் அவர் வயலில் இருந்துதான் ஆரம்பிக்கும். கண்ணை மூடினார். இலையை இன்னொரு தடவை வழித்தார்.

"பாயசம்தான்" என்றார். "முந்திரி ஒண்ணு கெடக்கு."

மேல் மடைக்காரர்கள் போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன. பரமசிவம் துண்டைச் சுழற்றி ஆடினார். மதினி சுவரில் சாய்ந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. நான் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் அண்ணன் பேசினார். முதல் இலையில் இருந்து எழவே இல்லை அவர். தன் இலையில் இருந்த ஒரு கரண்டியைத் தொடவும் இல்லை.

"ஏ பரமசிவம், ஆடுனது போதும். ஜெயிச்சது எப்படிய்யா? ஒரு கரண்டியோட கையை மறிச்சோம், கடைசி வரைக்கும் போச்சு. பந்தயத்துக்கு ஏலுதுல்ல? தண்ணிக்கு ஏலாதா?" எழுந்தார், விறைப்பாக. "மேல இருந்தே பாயட்டும். நாமதான் ஜெயிச்சோம். ஆனா வாளி எப்படி வந்துச்சோ அப்படி. ஆளுக்கு ஒரு கரண்டி."

பரமசிவத்தின் துண்டு பாதிச் சுழற்சியில் நின்றது. தான் விரித்த வலையில் தானே நின்றுகொண்டிருப்பது அவருக்கு மெதுவாகப் புரிந்தது. "தண்ணிக்கு எதுய்யா கரண்டி?" என்றார், பலவீனமாக.

"நான் சொல்றேன் ஐயா" என்றார் பொறியாளர். அந்த முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே. "வரப்பு வரைக்கும் நிக்க வேண்டியதே இல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமா மண்ணு நனைஞ்சாலே மணி பிடிச்சிரும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம்னு பரப்பை வச்சுக் கணக்குப் போட்டுத் தரேன். நேரம் முடிஞ்சதும் விசில் அடிப்பேன். மடையை அடைச்சிரணும்."

"விசில் எதுக்கு தாயி?" மதினிக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. தோளில் அடி வாங்கியது பொறியாளர். "நான் 'போதும்'னு கத்துறேன்."

மறுநாள் காலை கண்மாயைத் திறந்தார்கள். முதல் மடை அண்ணனுடையது. வயலின் ஒரு மூலை இன்னும் வெடித்துக் கிடக்கும்போதே பொறியாளர் தலையை ஆட்டினார். மதினி சொந்த வரப்பில் நின்று, சொந்தப் புருஷனைப் பார்த்து, புதுப்பட்டி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். "போதும்!"

"செத்த நேரம்…"

"போதும்னா போதும்!"

அண்ணன் மம்பட்டியால் மண்ணை வெட்டி அடைத்தார். அடுத்து பரமசிவம். அவர் அடைப்பாரா என்று பார்க்கவே ஊர் வந்திருந்தது. அடைத்தார், முணுமுணுத்துக்கொண்டே. பிறகு அவரும் எங்களோடு சேர்ந்து நடந்தார். தன் மடைக்குக் கீழே யார் ஒரு கரண்டிக்கு மேல் எடுக்கிறார்கள் என்று கண்காணிக்க வந்ததாகத்தான் சொன்னார்.

தண்ணீர் வாய்க்காலில் மெதுவாகத்தான் போகும். முகப்பில் நுரையும் சருகும் வைக்கோலும் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளில் இறங்கி ஏறி, ஒரு நண்டைத் துரத்தி, நின்று, யோசித்து, மறுபடி போகும். நாங்கள் இரண்டு கரையிலும் அதற்கு முன்னும் பின்னுமாக, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நடந்தோம். யாரோ தட்டைத் தட்டினார்கள். பாயசம் குடித்து வயிறு இன்னும் சரியாகாதவன் மட்டும் கொஞ்சம் பின்தங்கினான். ஒவ்வொரு மடையிலும் மதினியின் 'போதும்'. என் மடையில் நான் அவர் சொல்லும் முன்பே அடைத்தேன். வேட்டி நனைந்த ஞாபகம்.

கடைசி மடையில் சுப்பையா ஒரு வாழை இலையைத் தண்ணீர் தெளித்து விரித்து வைத்திருந்தார். கேலிக்குத்தான். தண்ணீர் வந்தது. இலையின் நுனியைத் தொட்டது, நனைத்தது, தூக்கியது. இலை அப்படியே மிதந்து அவர் வயலுக்குள் போனது. சுப்பையா மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்திரி இருக்கான்னு பாரும்!" என்றார் பரமசிவம்.

எல்லா வயலும் நனைந்த பிறகும் கண்மாயின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பந்தயத்தில் இரண்டாவது சுற்றைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. சில நாள் கழித்து, மண் காய்ந்து அடுத்த பாய்ச்சலுக்கு நேரம் வந்தபோது, கடைசி மடையில் நின்றபடி மதினி கத்தினார்.

"வாளியைத் திருப்பு!"

ஒருவரும் மறுக்கவில்லை. மேல் மடைகளை அடைத்து, தண்ணீரை நேரே சுப்பையாவிடம் விட்டார்கள். அங்கிருந்து ஒவ்வொரு மடையாகத் திறந்து மேலேறி வர வேண்டும். கடைசியில் மதினியின் வயல். அதுவரை மிஞ்சுமா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சந்தேகம். இந்தத் தடவை மதினி கத்த வேண்டியிருக்கவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே, குறித்த நேரத்துக்கும் முன்பே, "போதும்!" என்றார் சுப்பையா. அடுத்தவர் "போதும்!" என்னுடையது வந்தது. "போதும்." எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாகப் பரமசிவம். பழகிய வாய்.

முதல் மடைக்குத் தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடந்த மூலை வரைக்கும் ஊர்ந்து போனது. மதினி வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டி, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'போதும்' சொல்ல மறந்துவிட்டார்.

அறுவடை எல்லோருக்கும் சுமார்தான். யாருக்கும் களஞ்சியம் நிறையவில்லை, யாருக்கும் வெறும் பதராகவும் போகவில்லை. மில்லில் இருந்து தொப்பி தயார் என்று ஆள் வந்தபோது சுப்பையா கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். புது அரிசியில் அவர்தான் பாயசம் காய்ச்சினார், களத்தில், இரண்டு வாளி. பந்தியில் உட்காராத மதினியைப் பெண்கள் பிடித்து இழுத்துக் கடைசி இலையில் உட்கார வைத்தார்கள். அதுவே அவருக்குச் சம்மதம்தான். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார், சுப்பையா வாளியோடு நேரே தன்னை நோக்கி வருகிறார். கடைசி இலைக்குத்தானே முதல் கரண்டி!

துள்ளி எழுந்து முதல் இலைக்கு ஓடினார். "வாளியைத் திருப்பு!" என்றது களம் முழுக்க ஒரே குரலில். அந்தக் கோடியில் இரண்டாவது வாளியோடு பரமசிவம் தயாராக நின்றார். மதினி திரும்பி ஓடி வந்தார். "திருப்பு! திருப்பு!" இந்தப் பக்கம் சுப்பையா, அந்தப் பக்கம் பரமசிவம். அண்ணன் இலையில் உட்கார்ந்தபடி, "லெப்ட்! ரைட்!" என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. மதினி மூச்சிரைக்க, முந்தானை அவிழ, சிரிப்பில் கால் பின்ன, நடுவில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். என் இலைக்கு முன்னால்.

"கொழுந்தனாரே, செத்த நகருங்க. முதலும் இல்லாம கடைசியும் இல்லாம இருக்க இடம் இது ஒண்ணுதான்."

நகர்ந்தேன். அதற்குள் இரண்டு பக்கத்தில் இருந்தும் இரண்டு வாளிகள் எங்கள் ஒரே இலைக்கு மேல் வந்து சாய்ந்தன. மதினி இரண்டு கையையும் விரித்து, என் தோளில் அடித்து, "போதும்! ஏலே, போதும்! போதும்!" என்று கத்தினார்.

ஒருவரும் கேட்கவில்லை.